ஐந்தாவது பலகை

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டலாம். எனக்குக் கோபம் வராது. பேய், முனி என்று கதைப்பவர்களைப் பார்த்துச் சிரித்தவன்தான் நானும். அப்பனும் அம்மாவும் கோப்பாயில் கல்லுடைத்து என்னை வளர்த்தார்கள். அவர்களோடு பகல் முழுக்கச் சம்மட்டி பிடித்தவனுக்குப் பேய்க்குப் பயப்பட எங்கே நேரம்? ஆனால் இது நடந்தது. என் உடம்பில் நடந்தது.

எண்பத்துமூன்று, பங்குனி மாதம். கலியாணம் கட்டிக் கீரிமலைப் பக்கம் போன நான், அங்கே ஒரு சுண்ணாம்புக்கல் கம்பனியில் காவலாளி. தற்காலிகம். இரண்டு வருடமாகத் தற்காலிகம். எந்த நாளும் "நாளைக்கு வராதை" என்று சொல்லலாம். அப்படிப்பட்ட வேலை.

மனேச்சருக்குப் பிஸ்ரல் சுடுவதில் பைத்தியம். வைகாசியில் கொழும்பில் கம்பனிகளுக்கிடையே போட்டி. காவலாளிகளைச் சுடவைத்துப் பார்த்து என்னைப் பிடித்தார்.

"நடராசா, முதல் மூண்டு பேருக்குள்ளை வா. அடுத்த நாளே உன்னை நிரந்தரமாக்கிறன்."

அவ்வளவுதான். எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

போட்டி இதுதான். இருபத்தைந்து மீற்றர் தள்ளி ஐந்து பலகைகள், விளிம்பைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். திடீரென்று ஐந்தும் முகத்தைத் திருப்பும். தாழ்த்தி வைத்த கையை உயர்த்தி, பலகைக்கு ஒன்றாக ஐந்து குண்டு. முதற் சுற்றுக்கு எட்டுச் செக்கன். பிறகு ஆறு. கடைசியில் நாலு. ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை. நேரம் முடிந்தால் பலகைகள் திரும்பிவிடும். சுடாத குண்டு போனதுதான்.

பழகுவதற்கு, கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட ஒரு பள்ளத்தை, ஒரு கல்லுக்கிடங்கைத் தந்தார்கள். மூன்று பக்கமும் வெள்ளைப் பாறைச் சுவர். நானே இரும்புக் குழாயில் ஐந்து பலகைகளைப் பூட்டினேன். குழாயில் கட்டிய கயிறு கப்பி வழியாக மேலே, கிடங்கின் விளிம்புக்குப் போகும். அங்கே செல்வரட்ணம் கைக்கடிகாரத்தோடு இருப்பான். அவனும் காவலாளி, இணுவில் ஆள், என்னைப் போலவே தற்காலிகம். அவன் இழுத்தால் பலகைகள் முகம் காட்டும். விட்டால் குழாயில் தொங்கும் பாரக்கல் அவற்றைத் திருப்பிவிடும்.

வெடிச்சத்தம் கேட்டால் ஆமி ஜீப் வந்துவிடும். அதனால் பொலிசுக்குச் சொல்லிவிட்டுச் சனிக்கிழமையில் மட்டும்தான் குண்டு. மற்ற நாட்களில் வெறும் பிஸ்ரல்.

வெறும் பிஸ்ரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விசையை முதல் தடவை அழுத்தும்போது "டிக்" என்று அடிக்கும். குண்டு வெடித்தால்தான் உள்ளே இருக்கும் சுத்தி மறுபடி தானாக ஏறும். வெடிக்காவிட்டால் ஏறாது. மிச்ச நாலு பலகைக்கும் செத்த விசையைத்தான் விரல் அழுத்தும். சத்தம் வராது. வரவே முடியாது.

மணிக்கட்டைத் திருப்பக்கூடாது என்று பழகினேன். அலவாங்கால் பாறையைக் குத்துகிறவன் கையை மட்டும் வீசினால் முதுகு போய்விடும். அதுபோலத்தான் இதுவும். கை விறைப்பாக நிற்க, இடுப்பிலிருந்து உடம்பு முழுக்க ஒன்றாகத் திரும்ப வேண்டும். கண் பலகையில் இல்லை, குழலின் நுனிக் குறியில். கை ஏறி நின்ற கணமே முதற் குண்டு போய்விட வேண்டும். முதலாவதில் யோசித்தவனுக்கு ஐந்தாவது இல்லை.

எல்லாம் தெரியும். ஆனாலும் நாலு செக்கனில் எனக்கு ஐந்தாவது இல்லை. நாலாவதை அழுத்திவிட்டுத் திரும்பினால், அந்தப் பலகை அப்போதுதான் விளிம்பாகிக்கொண்டிருக்கும். மாலை மாலையாக. கிழமை கிழமையாக.

"மச்சான், அஞ்சாவது பலகைக்கு நீ பஸ் பிடிச்சுத்தான் போகோணும்," என்று மேலேயிருந்து செல்வரட்ணம் கத்துவான்.

வீட்டுக்குப் போனால் என் மனிசி நாகேஸ்வரி. "நாலு செக்கனிலை அஞ்சு சுடப்போற மனிசன். ஒரு வாளி தண்ணி அள்ளப் பின்னேரமாகுது."

சிரிப்பு வரவில்லை. பிஸ்ரலைப் பாறையில் அடித்து உடைக்கலாம் போல இருந்தது.

சித்திரை பிறந்த பிறகு, ஒரு புதன்கிழமை. வெயில் இறங்கும் நேரம். வெறும் பிஸ்ரல். செல்வரட்ணம் கயிற்றை இழுத்தான். கையை உயர்த்தினேன்.

டிக்.

அது பிஸ்ரல். இரண்டாவது பலகைக்குத் திரும்பினேன்.

டிக்.

கை அப்படியே நின்றது. கழற்றிப் பார்த்தேன். சுத்தி ஏறவில்லை. எப்படி ஏறும்?

"டேய், மேலை இருந்து கல்லைத் தட்டுறியோ?"

"எனக்கென்ன விசரோ? சுடு மச்சான், இருட்டுது."

மறுபடி. டிக்... டிக்... டிக்... டிக்.

நாலு. மிகச் சரியான இடைவெளி. நான் ஒரு மாதமாகத் தேடியும் வராத இடைவெளி. ஐந்தாவது சத்தம் வரவில்லை. என் விரலும் அசையவில்லை.

எனக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாலையும் சொல்லித் தருகிறதென்றால் ஐந்தாவதையும் தந்து தொலைக்கலாமே!

அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாளும் அதே. வெறும் பிஸ்ரல், நாலு டிக். பிறகு ஒரு வெறுமை. அந்த வெறுமையில் என் கை காத்துக்கொண்டு நிற்கும். முன்பு ஐந்தாவது பிந்தியாவது வந்தது. இப்போது அதுவும் இல்லை.

வேறு சிலவும் இருந்தன. பழகி முடிந்ததும் மண்டை பிளக்கும் தலையிடி. கல்லுடைக்கும் இடங்களில் வெடிமருந்தைக் கையால் தொட்டவர்களுக்கு வருமே, அந்தத் தலையிடி. நான் வெடிமருந்தைத் தொட்டு வருடக்கணக்கு. வாயில் ஒரு ருசி... தகரத்தை நக்கியது போல. சோறு இறங்கவில்லை.

"மனிசனுக்கு வாய் நாறுது," என்று நாகேஸ்வரி முகத்தைத் திருப்பினாள். "கந்தகம் மாதிரி."

போட்டிக்கு முந்திய சனிக்கிழமை. பொலிசுக்குச் சொல்லியாயிற்று. ஐந்து குண்டும் போட்டேன்.

"தயாரோ?"

"ஓம். இழு!"

பலகைகள் திரும்பின.

முதலாவது. வெடித்தது.

இரண்டாவது. மூன்றாவது. வெடிக்கு வெடி, அதற்குள்ளே அந்த டிக். காதுக்கு வெளியே இல்லை. மிகக் கிட்ட.

நாலாவது.

ஐந்தாவது பலகைக்குத் திரும்பினேன். இந்த முறை விடமாட்டேன். விரலை இறுக்கினேன்.

வாய்க்குள் ஏதோ இருந்தது.

கடைவாய்ப் பல்லுக்கு நடுவில். குளிர்ந்தது. மெல்லியது. குழாய் போல.

கடி...

என் தாடை தானாக மூடியது.

நான் மூடவில்லை.

கடி...

முழுப் பலத்தோடு வாயைப் பிளந்தேன். பிஸ்ரல் கீழே தாழ்ந்தது. துப்பினேன். துப்பினேன்.

வெள்ளைக் கல்லில் இரத்தம். வேறொன்றும் இல்லை.

செல்வரட்ணம் மேலேயே நின்றான். "நாலுதான் கேட்டது! அஞ்சாவது உள்ளை கிடக்கு. குழலைக் கீழை பிடி!"

குண்டைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தான். என் வாயைப் பார்த்தான். கடைவாய்ப் பல்லொன்று பாதியாக உடைந்திருந்தது.

"உடையாமல் என்ன செய்யும்?" என்றான். "கிழமைக்கணக்கா உந்தப் பல்லைக் கடிக்கிறாய்."

"என்ன?"

"டிக் டிக் எண்டு. மேலை வரைக்கும் கேக்கும். நீ கணக்குக்குக் கடிக்கிறாய் எண்டெல்லோ நினைச்சன்."

நான் ஒரு நாளும் பல்லைக் கடித்ததில்லை.

போட்டிக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? வேலை வேண்டும். துவாயைக் கிழித்து மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு சுடும் கோட்டில் நின்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எட்டுச் செக்கன் சுற்றில் எல்லாம் பலகையின் கறுப்பு வட்டத்துக்குள். ஆறிலும் அப்படியே. மூன்றாமிடத்தில் நின்றேன்.

நாலு செக்கன் வந்தது. டிக் சத்தம் இல்லை. துணிக்குள் தாடை மட்டும் மெதுவாக அசைந்தது. நாலு குண்டு போனது. ஐந்தாவதில் விரல் காத்து நின்றது. ஒவ்வொரு தடவையும்.

அந்தச் சுற்றில் ஐந்தாவது பலகையில் ஒரு ஓட்டைகூட இல்லை.

முதல் மூன்றுக்குள் நான் இல்லை. மாத முடிவில் வேலை போயிற்று.

காவல் உடுப்பைத் திருப்பிக் கொடுக்கக் களஞ்சியத்துக்குப் போனேன். பொறுப்பாக இருந்தவர் தம்பிஐயா அண்ணை. தொடக்க காலத்திலிருந்து அங்கே வேலை செய்தவர். எங்கே பழகினாய் என்று கேட்டார். சொன்னேன். உடுப்பை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அந்தக் கிடங்கையோ தந்தவங்கள்?"

"ஏன் அண்ணை?"

"எழுபத்தொண்டிலை உதுக்குள்ளை வெடி வைக்கிறவன் ஒருத்தன் முடிஞ்சான். மார்க்கண்டு. வெடிமருந்தை வெடிக்கவைக்கிற டெற்றனேற்றர்க் குழாய்க்குள்ளை திரியை விட்டுக் குறட்டாலை நெரிக்கோணும். அண்டைக்குக் குறடு மற்றக் கிடங்கிலை. வேலை முடியிற சங்கு ஊதமுன்னம் அஞ்சு குழியும் வெடிச்சால் உன்னை நிரந்தரமாக்கிறன் எண்டு ஓவசியர் சொல்லிப்போட்டான். அவசரம். பல்லாலை கடிச்சான். நாலு கடிச்சவன்."

என் நாக்கு உடைந்த கடைவாய்ப் பல்லைத் தொட்டது.

"அஞ்சாவது வாய்க்குள்ளையே வெடிச்சுது. பொறுக்கினவங்களிலை நானும் ஒருத்தன்." குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் எடுத்தம். கீழ்த்தாடை மட்டும் கிடைக்கேல்லை. ரெண்டு நாள் தேடினம். அது இல்லாமல்தான் கொண்டுபோய் எரிச்சது."

பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன நடராசா, ஒண்டும் கதைக்கிறாயில்லை?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்க எனக்குப் பயமாக இருந்தது.