மனசைத் தரம் பிரித்தவன்

திருச்சி மண்டியில் வாழைத்தார்களைத் தரம் பிரிப்பது என் வேலை. எழுத்து தெரியாது. முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்ற மூன்றும் தெரியும். மாலையில் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்ததும் அன்றைய என் மனசையும் அப்படியே பிரித்து மனைவியிடம் சொல்வேன். என் கோமாளித்தனத்துக்கு மண்டியே சிரித்திருந்தால் முதல் தரம்.

ஒருநாள் அவள், "சிரிச்சது அவங்க. நீங்க எப்பங்க சிரிச்சீங்க?" என்றாள்.

"கல்யாணத்தன்னிக்குச் சிரிச்சேனே."

"மாலை அரிக்குதுன்னு மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க."

யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட அகப்படவில்லை.

"அப்ப என்னைக் கழிவுன்னே வச்சுக்க."

"கழிவுக்காயை மாட்டுக்காவது போடலாம்ங்க."

அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுநாள் அதையே மண்டியில் சொன்னேன். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.