கிண்டித் தண்ணீர்

அந்தக் கிண்டியின் மூக்கு கொஞ்சம் கோணல். வெண்கலக் கிண்டி, வயிறு பெருத்து, கழுத்து சிறுத்து, பக்கவாட்டில் தண்ணீர் விழ ஒரு குழல் நீண்டிருக்கும். எங்கள் நாஞ்சில் நாட்டு வீடுகளிலும் திருவனந்தபுரத்து வீடுகளிலும் விருந்தாளி படியேறும்போது கால் கழுவ அதில்தான் தண்ணீர் கொடுப்பார்கள். இந்தக் கிண்டியின் மூக்கு கோணியதற்குக் காரணம் என் அத்தையின் கோபம். பால் குடிக்க வந்த பூனையின் மேல் ஒருநாள் அதைத் தூக்கி எறிந்தாள். பூனை தப்பியது, கிண்டி தப்பவில்லை. அதன்பிறகு அதிலிருந்து தண்ணீர் நேராக விழுந்ததே கிடையாது. வலது காலுக்கு ஊற்றினால் இடது கால் நனையும். "எனக்க வீட்டு வெள்ளத்துக்கும் எனக்க குணந்தான்" என்று அத்தை பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நான் நாகர்கோவிலில் வக்கீல் குமாஸ்தா. அப்பீல் விஷயமாக அவ்வப்போது திருவனந்தபுரம் போக வேண்டியிருக்கும். அத்தை இறந்தபிறகு முதல்தடவையாகப் போன மாதம் போனேன். பஸ் தம்பானூரில் இறக்கிவிட்டது. பையைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கே தங்குவது? இந்த ஊரில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. முதலில் அத்தைதான் கேட்டாள், அவளே அலைந்தாள், அவளே ஒரு வழியும் கண்டாள், நான் பின்னால் நடந்தேன். இப்போது அவள் இல்லை, கேள்வி என் தலையில் வந்து விழுந்துவிட்டது. ஒரு ஹோட்டலுக்குப் போய் அறையைப் பார்த்தேன், பிடிக்கவில்லை. இன்னொன்றில் படியேறிப் பாதியில் இறங்கிவிட்டேன். பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுச் சாலைக் கடைத்தெருவின் முனையில் வந்து நின்றபோது பை கனத்துப்போயிருந்தது. அத்தை ஒரு காலத்தில் அப்படி அலைந்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமாவுக்கு இந்தச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம், கடைக்குப் பின்னால் சந்துக்குள் வீடு. பாவாடை தாவணி போட்ட வயதில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். பிள்ளை இல்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் கைபடாத ஒரு செங்கல் கிடையாது. முற்றத்து மாமரம் அவள் வைத்தது, அடுப்பங்கரைச் சுவரில் கரி படாமல் சுண்ணாம்பு பூசியது அவள், கிணற்றுக் கயிறு எப்போது அறும் என்று அதைப் பார்த்தே சொல்வாள். மாமா ஒரு பங்குனியில் திடீரென்று கண்ணை மூடினார். எங்கள் ஜனத்தில் அந்தக் காலத்தில் மருமக்கள் வழிதான் நடப்பு. ஆண்பிள்ளை செத்தால் சொத்து அவன் சகோதரி மகனுக்கு. பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டியது. பிற்பாடு சட்டம் மாறியது, அது வேறு விஷயம். அத்தைக்கு அது மாறவில்லை. பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்ததும் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மாமாவின் சகோதரி மகன் கடைக்கும் வீட்டுக்கும் உடைமைக்காரர் ஆனார். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் மனைவி எனக்கு மைனி.

அண்ணன் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கெட்டவராக இருந்திருந்தால் கதை சீக்கிரம் முடிந்திருக்கும். இரண்டு பேருமே தங்கமானவர்கள். "எப்பம் வேணும்னாலும் வாங்க மாமி, இது உங்க வீடாக்கும்" என்று சொல்லித்தான் வண்டி ஏற்றினார்கள். அத்தை அதை நம்பினாள். எங்கள் வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் வாசலுக்கு வருவாள், உள்ளே போவாள், மறுபடியும் வருவாள். நாகர்கோவில் அவளுக்குச் சத்தமே இல்லாத ஊர். சாலையில் விடியுமுன்பே வண்டிச் சக்கரமும் சுமட்டுக்காரர்களின் கூச்சலும் எழுப்பிவிடும். இங்கே யார் எழுப்புவது என்று அலுத்துக்கொள்வாள். மறு பங்குனி வந்ததும், சாமி கடலாடப் போகும் ஆறாட்டுப் பார்க்கப் போகவேண்டும் என்றாள். ஆறாட்டெல்லாம் ஒரு சாக்கு. மாமா இருந்த காலத்தில்கூட அவள் கூட்டத்துக்குப் பயந்து வீட்டைவிட்டு இறங்கியதில்லை.

வில்வண்டியில் ராவெல்லாம் குலுங்கிக்கொண்டு போனோம். காலையில் சந்துக்குள் நுழைந்தபோது அத்தை எனக்கு முன்னால் ஓடாத குறையாக நடந்தாள். மைனி எங்களைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. சட்டென்று உள்ளே போய்க் கிண்டி நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் அத்தைக்கு முன்னால் நீட்டினாள். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. அத்தை கிண்டியைப் பார்த்தாள். அதன் கோணல் மூக்கைப் பார்த்தாள். வீட்டு மனுஷி கிணற்றடிக்குப் போய்த் தானே இறைத்துக் கால் கழுவுவாள். கிண்டியில் வாங்கிக் கழுவுகிறவள் விருந்தாளி. இது எங்களில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மைனி செய்ததில் ஒரு குற்றமும் இல்லை, செய்யாமல் இருந்திருந்தால்தான் குற்றம். ஆனால் அத்தையின் கால் படியிலிருந்து இறங்கிவிட்டது. "கோயிலுக்குப் போயிட்டு வாறேன் மக்கா" என்று சொன்னாள். அப்புறம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அந்தத் தடவை பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். சத்திரத்துக் காரியஸ்தன் சம்பிரதாயமாக, "அம்மை எவிடெந்நா வருந்நே?" என்று கேட்டுவிட்டான். பாவி, அவனுக்கென்ன தெரியும். இந்த ஊரிலேயே நரைத்த என்னை எந்த ஊர் என்று கேட்கிறானே என்று அத்தை அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. சாயங்காலம் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார்.

"ஊரு என்னைய என்ன சொல்லும் மாமி? அம்மாச்சன் போனதும் அவரு பெஞ்சாதிய வெளியே தள்ளிட்டான்னு கடைத்தெருவுல பேசுகானுவ. நான் எந்த முகத்தோட கடையில இருப்பேன்?" என்று ஏறக்குறைய அழுதார்.

"ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது மக்கா. நீ நல்லவன். உனக்க பெஞ்சாதி உன்னைவிட நல்லவ. அதாக்கும் எனக்குச் சங்கடம்" என்றாள் அத்தை. "வெளியே போன்னு சொன்னா நின்னு சண்டை போடலாம். வாங்கன்னு சொன்னா நான் என்ன செய்ய?"

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது பாதிதான் புரிந்தது.

அடுத்த வருஷம் கரமனையில் ஒரு சொந்தக்காரர் வீடு. அங்கே உபசாரம் தாங்க முடியவில்லை. உட்கார்ந்தால் விசிறி, எழுந்தால் காப்பி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அத்தைக்கு ஒரு வேளையிலேயே மூச்சு முட்டியது. தவிர, கரமனை ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தால் சாலைச் சத்தம் காதில் விழாதாம். "இதுக்கு நான் நாகர்கோயில்லயே கிடக்கலாமே" என்று பொருமினாள். மறுநாள் கோட்டைக்குள் ஒரு வீட்டை விசாரித்தாள், அதற்கும் மறுநாள் வஞ்சியூரில் ஒன்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "அத்தே, உங்களுக்கு எந்த வீடுதான் பிடிக்கும்?" என்று நடுத்தெருவில் கத்திவிட்டேன். "தெரிஞ்சுக்கிட்டே கேக்கியே" என்றாள். அவ்வளவுதான். பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தேன்.

மூன்றாவது வருஷம் மாமாவின் பழைய சிநேகிதர் ஒருவர் தம் வற்றல் மிளகாய்க் கடைக்கு மேலே இருந்த மாடி அறையை ஒழித்துக் கொடுத்தார். உள்ளே நுழைந்ததும் தும்மல் பிடித்துக்கொள்ளும். பேசி முடிப்பதற்குள் இருமல் வரும். ஆனால் அத்தை அந்த அறையைப் பார்த்ததும், "இது போதும்" என்றாள். காரணம் பின் ஜன்னல். அதிலிருந்து பார்த்தால் அவள் வீட்டின் பின்முற்றம், கிணறு, மாமரம் எல்லாம் தெரியும். ஆறாட்டு நாளும் அதுவுமாக ஊரே மேற்கே பார்த்துத் திரண்டு போக, அத்தை மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு ஜன்னலை விட்டு அசையவில்லை. "அங்கன தொட்டியில பாசி பிடிச்சிருக்கு பாத்தியா." "மாவடியில சாம்பலைக் கொட்டுகா, நல்லதுதான்." எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நான் ஆறாட்டுப் பார்க்கவாவது போகிறேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டேன்.

அப்போது வானம் கறுத்தது. பங்குனி வெயிலுக்கு நடுவில் வருமே, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மழை, அது. மைனி பின்முற்றத்தில் பாய் விரித்துக் கூழ்வற்றல் பிழிந்து காயப்போட்டிருந்தாள். ஒரு வருஷத்து வற்றல். ஆள் அரவம் இல்லை. "எடு மக்களே, மழை வருது பாரு" என்று அத்தை ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். கடைத்தெருச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? முதல் தூறல் விழுந்ததுதான் தாமதம், அத்தை படியிறங்கி ஓடினாள். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கத்துக் கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே பாயில் போய் விழுந்தாள். நானும் பின்னால் ஓடினேன். ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடக்கிக்கொண்டிருக்கும்போது மைனி அடுப்பங்கரை வாசலில் தோன்றினாள். இடுப்பில் வீல்வீலென்று அழும் பிள்ளை, கையில் கரண்டி, உள்ளே தீயல் குழம்பு பொங்கி வழியும் ஓசை.

"நின்னுகிட்டு இருக்காம அந்தப் பாயையும் சேத்துத் தூக்குங்க மாமி. எனக்குக் கையொழியல்ல" என்று கத்தினாள். அத்தை பாயோடு வாசலுக்கு வந்ததும், "ஐயோ, சேத்துக்காலோட உள்ள வராதீங்க. கிணத்தடிக்குப் போயி களுவிட்டு வாங்க" என்று விரட்டினாள்.

அத்தை பாயை வாசலுக்குள் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். கொட்டும் மழையில் நின்றுகொண்டு, ஒரு வாளி தண்ணீர் இறைத்து, நிதானமாகக் கால் கழுவினாள். மழையே கழுவியிருக்கும், அவள் இறைத்துத்தான் கழுவினாள். அப்புறம் அடுப்பங்கரை வழியாக உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து ஒரு குரல் உயர்ந்தது. "தீயலுக்கு இவ்வளவு புளியா? ஆளைக் கொல்லவா பாக்கே?" மைனி பதிலுக்கு ஏதோ சொல்ல, அத்தை அதற்கு மேல் சொல்ல, மைனி மூக்கைச் சிந்தி அழுதாள். நான் மாடிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து கடைசிவரை பங்குனிக்கு வரும்போதெல்லாம் அத்தை அந்த வீட்டில்தான் தங்கினாள். ஆனால் முன்வாசல் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள். சந்து வழியாகச் சுற்றி, கொல்லைக் கதவைத் தள்ளி, கிணற்றடியில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போவாள். நானும் அதே வழிதான். வருஷா வருஷம் தீயலுக்குச் சண்டை நடக்கும். புளியைக் குறைக்க மைனியும் கற்றுக்கொள்ளவில்லை, ஏசுவதை நிறுத்த அத்தையும் கற்றுக்கொள்ளவில்லை. போன வருஷம் அத்தை எங்கள் வீட்டில் இறந்தபோது பெரிய அழுகை மைனியுடையதுதான். "இனி என்னைய யாரு ஏசுவா" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அண்ணன் அவளைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினார்.

போன மாதம், சாலை முனையில் பையோடு நின்றவன், கடைசியில் அந்தச் சந்துக்குள் நுழைந்தேன். வழக்கம்போலப் பின்பக்கம் போனேன். கொல்லைக் கதவு இருந்த இடத்தில் சுவர் எழும்பியிருந்தது. கடைக்குச் சரக்கு வைக்கக் கிட்டங்கி கட்டியிருக்கிறார்கள். சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தேன். தலை நரைத்த மைனி எட்டிப் பார்த்தாள். "தம்பியா" என்றவள் உள்ளே திரும்பினாள். எனக்குத் தெரியும், எதற்குப் போகிறாள் என்று. அந்தக் கோணல் மூக்குக் கிண்டியோடு வந்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எதுக்கு மைனி, நான் கிணத்தடிக்குப் போயி களுவிக்கிடுகேன்" என்றேன்.

"கிணத்தைத் தூத்தாச்சு தம்பி. இப்பம் குழாய் வெள்ளமாக்கும்" என்றாள்.

வேறு வழியில்லை. வாங்கிக் கழுவினேன். வலது காலுக்கு ஊற்றினேன், இடது கால் நனைந்தது. அத்தை இறங்கிய அதே படியில் ஏறி, முன்வாசல் வழியாக உள்ளே போனேன். முதல் இலை எனக்குத்தான் போட்டார்கள். பக்கத்தில் அண்ணன். மைனி பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். தீயலில் புளி முன்னைவிடத் தூக்கல். நாக்கு சுருங்கியது.

"எப்படி இருக்கு தம்பி?"

"நல்லா இருக்கு மைனி."

அவள் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "புளி கூடிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?" என்றாள்.

அண்ணன் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மிச்சத்தை ஒருவாறு விழுங்கிவிட்டு இலையை மடித்தேன். கை கழுவத் தண்ணீர் எடுத்துத் தர மைனி திரும்பினாள். அவளுக்கு முன்னால் எழுந்து போய், கிண்டியை நானே எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தேன்.