கயிற்றின் நீளம்

விட்பி நகருக்குக் காரில் போகும் வழியில் முன்னால் போன லொறி கரும்புகை கக்கியது. கண்ணாடியை இறக்கி அந்தப் புகை மணத்தை மூச்சில் இழுத்தேன்.

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருந்த வெக்ஸ்போர்ட்டில், அப்பா ஒரு பழைய லொறியின் கூரையை அறுத்துத் தாழ்த்தி, டீசல் எஞ்சின் பூட்டி, பழைய வண்டியை வெட்டி ஒட்டி வேகத்துக்கென்று செய்யும் ஹொட் ரொட் கார் கட்டினார். பக்கத்து வீட்டு அங்கிள், "உந்த இரும்பு ஓடுமோ?" என்று நக்கலடித்தார்; புகை கக்குகிறது என்று நகரசபைக்கு முறைப்பாடும் எழுதினார்.

கடுங்குளிர் நாளொன்றில் அங்கிளின் புது வெள்ளைக் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. யாழ்ப்பாணத்துத் தட்டுப்பாட்டுக் காலப் பழக்கத்தில் அப்பா டீசலோடு மண்ணெண்ணெய் கலந்திருந்தார்; அதனால் டீசல் குளிரில் உறையவில்லை. எங்களுடையது உடனே உறுமியது.

"அண்ணை, கராஜ் வரைக்கும் இழுத்து விடுங்கோ," என்று அங்கிள் வந்து நின்றார்.

"ஓம், வாறன்."

அப்பா கயிற்றைக் குட்டையாகக் கட்டி, தமிழ்க் கடைகள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போனார். கராஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் புகையில் வெள்ளைக் கார் கறுத்திருந்தது.

"நகரசபைக்கு இதையும் எழுதுங்கோ," என்றார் அப்பா.

அன்று பின்கண்ணாடியால் நான் பார்த்த, புகைக்குள் சுளித்த அங்கிளின் முகத்தை இந்தப் புகையில் இன்னொருமுறை பார்க்கவென்று, லொறியை முந்தாமல் பின்னாலேயே போனேன்.