மாற்றிய பேர்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவள் அவள். அக்காவின் பிள்ளை காய்ச்சலில் போனதை நாவலாக எழுதியிருந்தாள். அக்காவிடம் மூச்சு விடவில்லை. எழுத்தைப் பதிப்பகத்தில் சேர்த்துத் தரும் முகவர்கள், புது ஆள் என்றதுமே கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு முகவர் அம்மாதான், "புதுசா எழுதுறவங்களத்தான் தேடிட்டிருக்கேன், அனுப்புங்க" என்றார். படித்துவிட்டு, எடுத்துக்கொள்வதாகப் போனில் சொன்னார்.

சந்தோஷத்தைவிடப் பயம்தான் வந்தது. இனி மறைக்க முடியாது. விடுமுறை நாளில் காலையிலேயே போய்த் தாள்கட்டை அக்காவின் மடியில் வைத்தாள். அக்கா அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் படித்து முடித்தாள்.

"இது அவன்தானே?"

"அவன்தான் அக்கா. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு பேரை மட்டும் மாத்திட்டேன். வேண்டாம்னா சொல்லு, இப்பவே நிறுத்திடுறேன்."

"பேரை ஏன்டி மாத்தினே?" அக்காவின் குரல் கம்மியது. "இந்த வீட்டுல யாருமே அவன் பேரைச் சொல்றதில்ல. நீயாவது சொல்லக் கூடாதா?"

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் முகவரை அழைத்து, ஒரே ஒரு திருத்தம் இருக்கிறது என்றாள். "சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார் அவர். அவன் பேரின் முதல் எழுத்தைச் சொன்னாள்; மீதி வரவில்லை. முகவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.