மரத்தின் பால்

போன கிழமை கற்பிட்டியிலிருந்து புத்தளம் வரும் பஸ்ஸில் யாரோ இருக்கைக்குக் கீழே ஒரு பை பனம்பழம் வைத்திருந்தார்கள். நுரைச்சோலை தாண்டுவதற்குள் பஸ் முழுக்க அந்த வாசம். மற்றவர்களுக்குப் பனங்காய்ப் பணியாரம் நினைவு வந்திருக்கும். எனக்கு ஒரு விண்ணப்பப் படிவம் நினைவு வந்தது. பார்த்த உத்தியோகம் அப்படி.

யுத்தம் முடிந்து ஓரிரு வருடம் இருக்கும். மரம் வெட்டும் அனுமதிக் கோப்புகளைப் பார்க்கும் வேலை எனக்கு. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. ஆண் பனைக்கு அந்தத் தடை இல்லை. அதனால் படிவத்தில் ‘மரத்தின் பால்’ என்று ஒரு கட்டம். தலவிலப் பக்கம் ஒருவர் அதை வாசித்துவிட்டு, “பனையில ஏது சேர் பால், கள்ளுத்தானே வரும்” என்றார். நான் சிரிக்காமல் விளக்கம் கொடுத்தேன். அவ்வளவு பெரிய உத்தியோகத்தன் நான்.

பனை வெட்ட அனுமதி கேட்டிருந்த பிலோமினாக்காவின் வீடும் அங்கேதான். குசினிக்கு மேலே ஒரு பனை சரிந்து நின்றது. கடல் அரித்து வேர் பாதி வெளியே தெரிந்தது. மாரியும் தொடங்கிவிட்டது. புருசன் கடல் தொழிலுக்குப் போனால் இரண்டு பிள்ளைகளோடு அவர் தனி. நான் மரத்தைச் சுற்றிச் சுற்றி அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். காயுமில்லை, பூவுமில்லை. டவுனில் வளர்ந்தவனுக்கு வேறு அடையாளம் என்ன தெரியும்?

“ஆணா பெண்ணா அக்கா?”

அவர் மரத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். “பெண் பனைதான் தம்பி. ஆவணித் திருநாள் நேரமும் பழம் பொறுக்கினன்.”

நான் அப்படியே எழுதினேன். ஆண் என்று சொல்லியிருந்தால் அன்று பின்னேரமே வெட்டியிருப்பார்கள். கோப்பு மேலே போய், கையெழுத்துக்குக் காத்துக் கிடந்து, ஒரு மாதம் கழித்துத்தான் இறங்கியது. அந்த மாதம் முழுக்க அவர்கள் இரவில் கோயில் மண்டபத்தில் போய்ப் படுத்தது எனக்குத் தெரியாது.

அனுமதிக் கடிதத்தை நானே பெருமையோடு கொண்டு போனேன். மூன்று நாளைக்கு முந்திய காற்றில் பனை குசினிமேல் விழுந்து கிடந்தது. யாருக்கும் காயமில்லை. பிலோமினாக்கா முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“ஆண் எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா. எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

“ஓம், உங்களுக்குத் தெரியாதெண்டு விளங்கினது. அதாலதான் உள்ளதைச் சொன்னன்” என்று அடுப்பை ஊதினார். “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

குடித்தேன். இன்றுவரை அந்த வெட்கம் முழுதாகப் போகவில்லை.

அவர்கள் பிறகு காணியை விற்றுவிட்டுச் சிலாபம் பக்கம் போய்விட்டார்கள். இப்போது அந்தக் கரை முழுக்க ஒரு ஹோட்டல். பனை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அனுமதி எடுத்தார்களா என்று காவலாளியிடம் கேட்டேன், பழைய வேலைப் புத்தி.

“அனுமதி எதுக்கு சேர்? இங்க நிண்ட இருபத்திமூண்டும் ஆண் பனை எண்டு எழுதிக் குடுத்தவங்க.”

அதை எழுதி வாங்கிய உத்தியோகத்தனும் என்னைப்போல அண்ணாந்து பார்த்திருக்கலாம். பக்கத்தில் நின்று உள்ளதைச் சொல்ல பிலோமினாக்கா அங்கே இல்லை.