பலாப்பாலில் ஒட்டிய வீடு

வெள்ளைக்காரர்கள் கொல்லிமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த காலம். அம்மா தோட்டத்து பங்களாவில் கூட்டிப் பெருக்கப் போவாள். ஒருநாள் சாயங்காலம் அவள் தலையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வருவதைப் பார்த்ததும், பிடித்திருந்த ஆட்டுக்குட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். துரைசானியின் மகளுக்காகச் சீமையிலிருந்து வந்த பெட்டி அது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஆள் சுமந்து மலையேறி வந்து சேர்வதற்குள், அந்தப் பெண் படிக்கக் கப்பலேறிவிட்டாள். உன் மகளுக்குக் கொடு என்று துரைசானி அம்மாவிடம் கொடுத்துவிட்டாளாம்.

பெட்டியைத் திறந்தோம். மெல்லிய பலகைத் துண்டுகள், விரல் நீளக் கட்டில், மேசை, நாற்காலி, இரண்டு குட்டிப் பித்தளைக் கீல்கள், காய்ந்துபோன பசைப் புட்டி, இங்கிலீஷில் ஒரு தாள். மூடியில் ஓட்டு வீட்டுப் படம். துண்டுகளைச் சேர்த்தால் அந்த வீடு வரும்! பொம்மைக்கென்று ஒரு வீடு, அதையும் நாமே கட்டலாம் என்றால் கேட்க வேண்டுமா? எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கேழ்வரகு வைக்கோலில் அம்மா துணி சுற்றிச் செய்து கொடுத்த பொம்மை ஒன்று என்னிடம் இருந்தது. அவளுக்கு வீடு கட்டப் போகிறோம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

எதிர்வீட்டு அத்தை மகள் என் வயதுக்காரி, வாய் கொஞ்சம் நீளம். வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இது ஊடு இல்ல, பொட்டி. பொட்டியத் துண்டு துண்டா அறுத்து வெச்சிருக்குது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாளைக்குக் காலையில எம்பொம்மை குடிபோறா. வந்து பாத்துட்டு அப்புறம் பேசு," என்றேன். சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா?

அப்பா ஊரில் பல வீடுகளுக்குச் சுவர் வைத்தவர். இங்கிலீஷ் தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். மூடியில் இருந்த படம் போதும் என்றார். உற்றுப் பார்த்தால் அங்கே இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் முழு வீடு. இன்னொன்றில் அதே வீட்டின் முன்சுவர் ஒரு பக்கமாக விலகி நின்றது, உள்ளே அறைகள் தெரிந்தன.

"ஏனுங்கப்பா, இந்த ரெண்டாவது படம் எதுக்குங்க?"

"அது பாதி கட்டுறப்ப எழுதுன படம், கண்ணு. முன்செவுரு இன்னும் நிறுத்தல பாரு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சுவர் என்றால் நிற்பதுதானே வேலை?

பசை காய்ந்துபோனதால் அப்பா பலாப்பாலை எடுத்தார். பலாப்பழம் அறுக்கும்போது வடிகிற பாலைக் குச்சியில் சுற்றி வைத்திருப்போம். அனலில் காட்டினால் இளகும், ஆறினால் கல்லாகிவிடும். ஓட்டைப் பானைக்கே அதுதான் மருந்து. அடிப்பலகையைக் கிழக்குப் பார்க்க வைத்து மஞ்சள் தடவி, நான்கு சுவர்களையும் மூலைக்கு மூலை ஒட்டி, உள்ளே அறைத் தடுப்புகளையும் நிறுத்தினார். கட்டிலை உள்ளே வைக்கப் போன என் கையில் அம்மா ஒரு தட்டுத் தட்டினாள். "குடிபோகாத ஊட்டுல சாமான் வெப்பாங்களா சாமி?" என்று எல்லாவற்றையும் மடியில் முடிந்துகொண்டாள். கதவு திறக்கவில்லை. சாயம் பிடித்திருக்கும், காலையில் நெம்பிக்கொள்ளலாம் என்றார் அப்பா.

கூரைப் பலகைகளை மட்டும் அவர் ஒட்டவில்லை. "கூரையப் போயி யாராச்சும் ஒட்டுவாங்களா? புல்லு மாத்தப் பிரிக்கோணுமில்ல?" என்றார். ஓரங்களில் துளை போட்டு நாரால் கட்டினார். அது பலகைக் கூரை, அதற்கு எந்தக் காலத்திலும் புல் மாற்ற வேண்டியதில்லை என்பது எங்கள் மூவருக்கும் தோன்றவில்லை. இரண்டு கீல்களும் மிச்சமாயின. சீமைக்காரர்கள் தாராளமாகக் கூடுதலாக வைத்திருக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டோம்.

விடிந்ததும் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். அம்மா சின்னச் சட்டியில் பால் காய்ச்சினாள். நான் பொம்மைக்குப் பொட்டு வைத்து வாசலுக்குக் கொண்டுபோனேன். அப்பா கதவை நெம்பினார். ஊசியால் சுரண்டினார். மரத்தில் கதவு மாதிரி சாயம் தீட்டியிருந்தார்கள், அவ்வளவுதான்! சன்னலில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. அப்பா இரண்டாவது படத்தைப் பார்த்தார், கீல்களைப் பார்த்தார், பிறகு முன்சுவரைப் பிடித்து இழுத்தார். பலாப்பால் விடுமா? அனலில் காட்டி இளக்கலாமென்றால் மெல்லிய பலகை கருகிவிடும்.

"அடக் கெரகமே, இந்தச் செவுருதான் தொறக்கோணும்," என்றார்.

"நாஞ் சொல்லல?" என்றாள் அத்தை மகள். "ஆளு உள்ள போக முடியாட்டி அது பொட்டிதான்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அப்பா கத்தியை எடுத்தார். பலகை பிளந்துவிடும் என்று பயந்து வீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் கன்னத்தில் அந்த நார் முடிச்சு குத்தியது.

"அப்பா! கூரைங்கப்பா! கூரையப் பிரிங்க!"

அப்பா ஒரு கணம் விழித்தார். அப்புறம் ஊரே கேட்கிற மாதிரி சிரித்தார். முடிச்சை இழுத்ததும் கூரை கையோடு வந்துவிட்டது. மேலிருந்து பார்த்தால் மூன்று அறைகளும் பளிச்சென்று தெரிந்தன. பால் பொங்கியது. அம்மா மடியை அவிழ்த்துக் கட்டிலைக் கொடுத்தாள். நான் பொம்மையைக் கூரை வழியாக இறக்கிப் படுக்க வைத்தேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கோழிகள் மரமேறின. அந்தத் துரைசானி மகள் சுவரைத் திறந்துதான் விளையாடியிருப்பாள். எனக்கோ கூரையையே தூக்குகிற பாக்கியம்! அன்றைக்கு என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

எல்லாரும் எட்டிப் பார்த்து முடித்த பிறகு அத்தை மகள் வந்தாள். தலையை உள்ளே விட்டு ஒவ்வோர் அறையாகப் பார்த்தாள். இடுப்பில் அவளுடைய பொம்மையைச் செருகி வைத்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"எம்பொம்மையும் வரட்டுமா?" என்றாள்.

"எங்க, பொட்டிக்குள்ளயா?"

அவள் இடுப்பிலிருந்த பொம்மையை உருவிக் கையில் எடுத்தாள்.

"ஊட்டுக்குள்ளதான்," என்றாள்.

நான் நகர்ந்து இடம் விட்டேன்.