கையுறையைக் கழற்றச் சொன்னவன்

முதலில் வந்தது குளிர். கார்த்திகை மாதத்து மத்தியானம், மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு என் மனைவி கலைச்செல்வி இரண்டு போர்வைக்குள் போய்விட்டாள். மழைக்காலக் காய்ச்சல்தானே என்று ஒரு மாத்திரை கொடுத்தேன்.

உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்து, மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் போகாமல் நின்றால், இதைப் படியுங்கள். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் செய்த தப்பைச் சொல்லத் தகுதி இருக்கிறது.

செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் பம்ப் ஆபரேட்டராக இருக்கிறேன். வீடு செம்மண்டலத்தில், மாடியில். மண் இல்லாத வீடு. கூடத்தில் பிவிசி குழாய்களைத் துளையிட்டு, சின்ன மோட்டார் வைத்து, எல்இடி விளக்கின் கீழ் வெறும் சத்துநீரிலேயே புதினா, துளசி, கற்பூரவல்லி வளர்த்தேன். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வருகிறவர்களை உட்காரவைத்து அரைமணி நேரம் விளக்குவேன். “உன் வூட்டுக்காரரு செடிக்குத் தண்ணி ஊத்தறத விட பேச்சுதான் ஜாஸ்தி ஊத்தறாரு” என்று கீழ்வீட்டு அம்மா கலையிடம் சொன்னாராம். அதையும் நானே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

அந்த மழையில் மின்சாரம் போய் மோட்டார் நின்றது. ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் பாதிச் செடிகளின் வேர் அழுகி நாறியது. மிச்சத்தை மண்ணுக்கு மாற்றிவிடலாம் என்று முடிவெடுத்தேன். கலையின் தம்பி சேகர் குமராட்சியில் விவசாயம் பார்க்கிறான். வெள்ளம் வடிந்த வயலிலிருந்து வண்டலை இரண்டு உரச்சாக்கில் அள்ளி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்து இறக்கினான். கடையில் விற்கிற மண்ணை நான் நம்பவில்லை. எங்கள் வயல் மண், அதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற எண்ணம்.

தண்ணீரில் வளர்ந்த வேர் பூனை முடி போல இருக்கும். மண்ணைச் சேறாகக் குழைத்து, அதில் வேரை விரித்து வைக்க வேண்டும். பிறகு நாளுக்கு நாள் ஈரத்தைக் குறைத்து மண்ணுக்குப் பழக்க வேண்டும். கலை நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அவளுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை; நகக்கண்ணில் அருவாமனை கீறிய காயமும் இருந்தது.

“அதக் கழட்டு. வேரு அறுந்துடும்” என்றேன்.

கழற்றினாள். மண் குழைத்தாள். கம்பெனியில் நான் கையுறை இல்லாமல் ஒரு வால்வைக்கூடத் தொடமாட்டேன்.

ஒன்பதாம் நாள் அந்தக் குளிர்.

கடலூரில் பார்த்த மருத்துவர் நெஞ்சுப் படத்தில் வலது நுரையீரலில் ஒரு நிழலைக் காட்டினார். காசநோயாக இருக்கலாம் என்று சளியைச் சோதனைக்கு அனுப்பினார். பிறகு அவளைப் பார்த்துத்தான் கேட்டார், வயல் வேலை, சேறு, வெள்ளத்தண்ணீர் ஏதாவது உண்டா என்று. அவள் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்.

“எங்க வீட்ல மண்ணே கிடையாது சார். செடிகூடத் தண்ணியிலதான் வளருது.”

வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய பெருமை அது. அப்போது கூடத்தில் பதினோரு மண்தொட்டி இருந்தது. பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் வண்டியில் வீடு திரும்பும்போதே நினைவுக்கு வந்துவிட்டது. மண்ணுக்கும் நெஞ்சுச் சளிக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன். அவர் கேட்ட சரியான கேள்விக்கு நான் தப்பான பதிலைக் கொடுத்தேன். அதில் ஆறு நாள் போனது.

ஏழாம் நாள் அவள் உதடு கறுத்தது. சிதம்பரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை செய்தார்கள். முடிவு வர இரண்டு நாளுக்கு மேல் ஆனது. மெலியாய்டோசிஸ் (ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமியால் வரும் நோய். தோல் காயம் வழியாக நுழையும், சர்க்கரை உள்ளவர்களை எளிதில் பிடிக்கும், காசநோய் போலவே தோற்றம் காட்டும்) என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. செப்சிஸ் (கிருமி இரத்தத்தில் பரவி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) தொடங்கிவிட்டது, இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். மண்ணில் ஏதாவது கை வைத்தாரா, அது எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

“மச்சான் வயல்லேர்ந்து வந்ததுங்க” என்றேன். அது உண்மை. கையுறையைப் பற்றிச் சொல்லவில்லை. சேகர் பக்கத்தில் நின்றிருந்தான்.

அன்று முதல் அவன் வார்டுக்குள் வரவில்லை. தினமும் குமராட்சியிலிருந்து வந்து, தாழ்வாரத்திலேயே நின்று, கஞ்சித் தூக்கை என் கையில் கொடுத்துவிட்டுப் போவான். வாசலில் காலை ஒருமுறைக்கு இருமுறை துடைப்பான். “எங்க மண்ணு மச்சான்” என்று ஒருநாள் சொன்னான். நான் அவன் தோளில் கை வைத்தேன். ஆறுதல் சொல்வதுபோல. இந்த நோயில் நான் செய்ததிலேயே கேவலமானது அதுதான்.

மருந்து ஏற ஆரம்பித்த நான்காம் நாள் அவள் கண் திறந்து, முதல் கேள்வியாக வீட்டைப் பூட்டினேனா என்று கேட்டாள். காய்ச்சல் இறங்க இன்னும் ஐந்து நாள் ஆனது. “காச்சல் படியில எறங்கும் சார், குதிக்காது” என்றார் ஒரு நர்ஸம்மா. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் நரம்பு வழியாக மருந்து. பிறகு ஐந்து மாதம் மாத்திரை. நடுவில் நிறுத்தினால் கிருமி திரும்பும். கையிலிருந்த ஊசிக் குழாயை எடுத்த அன்று கலை சிரித்தாள். “என்னையும் குழாய்லேர்ந்து எடுத்து மண்ணுல வெக்கறாங்களா மாமா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையுறையையும், அதைச் சேகரிடம் மறைத்ததையும் சொல்லிவிட்டேன்.

அவள் கட்டிலின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு ஞாபகம் இல்லன்னு நெனச்சீங்களா? கடலூர் டாக்டரு என்னத்தான் கேட்டாரு. நான் சொல்ல வாயத் தொறந்தேன். நீங்க பேசிட்டீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “எப்பவும் நீங்கதான பேசுவீங்க. மொதல்ல தம்பிகிட்டப் போயிச் சொல்லுங்க.”

தாழ்வாரத்தில் தூக்குடன் நின்றிருந்தவனிடம் சொன்னேன். மண் எல்லா வயலிலும் மண்தான், வெறுங்கையை அதில் வைக்கச் சொன்னது நான் என்றேன். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

“அப்பவே சொல்லி இருந்தா நான் உள்ள வந்து அக்கா கையப் புடிச்சிருப்பேன் மச்சான்” என்றான். தூக்கை என்னிடம் கொடுக்காமல் அவனே எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு இரண்டு விஷயம். சர்க்கரை இருந்தால் வயல் மண்ணிலும் வெள்ளநீரிலும் வெறுங்கை வைக்காதீர்கள். இன்னொன்று, டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்டால், நோயாளி பதில் சொல்லட்டும்.

மாத்திரை முடிந்தது போன மாதம். தொட்டிகளில் நான்கு பிழைத்தன. கலை கையுறையோடு அவற்றைப் பார்த்துக்கொள்கிறாள். மாடிப்படியில் நடுவில் ஒருமுறை நிற்கிறாள். நானும் நிற்கிறேன்.

கடைசிச் சோதனைக்குச் சிதம்பரம் போனோம். எப்படி இருக்கு என்று டாக்டரம்மா கேட்டார். என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். கலை உடனே சொல்லவில்லை. வலது விலாவில் கை வைத்து, மூச்சை மெல்ல உள்ளே இழுத்தாள், எங்கே வலிக்கிறது என்று தேடுவதுபோல. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்திருக்கிறேன், பதில் சொல்ல அவளுக்கு இவ்வளவு நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. விசிறி சுற்றுவது கேட்டது. டாக்டரம்மா பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

“இங்க கொஞ்சம்” என்று அவள் ஆரம்பித்தாள்.